பள்ளிக்கூடக் கூரையில் பொய்க்கால் நாரை

பெருமதிப்புக்குரிய ஸ்லாவ்சோ மாமாவின் சமூகத்துக்கு, திஹி தோல் கிராமத்திலிருந்து மருமகன் ரதோய் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, கழுதை மூவரும் நலம். மூவரும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பதும் வழக்கம்போலத்தான். ஜெர்மனியில் உங்கள் முதுகுவலியும் கிடங்கு மேலாளரும் எப்படி இருக்கிறார்கள்? இரண்டில் எது இப்போது அதிகமாகப் படுத்துகிறது?

முதற்கண் ஊர் சார்பில் ஓர் அறிவிப்பு. எங்கள் வீட்டுத் தலையணை உறை ஒன்று, அப்பாவின் தலையெண்ணெயைப் பல ஆண்டுகள் பொறுமையுடன் தாங்கிய சேவையைப் பாராட்டி, இந்த மார்ச் மாதம் செங்கால் நாரையாகப் பதவி உயர்த்தப்பட்டது. பதவியேற்பு விழா பழைய பள்ளிக்கூடத்தின் புகைபோக்கி உச்சியில், மூடுபனி சூழ, இனிதே நடைபெற்றது. அம்மாவுக்கு மட்டும் அழைப்பு அனுப்பவில்லை. உறை அவருடையது.

நாரை பார்க்க நெவேனா அக்கா கூட்டிவந்த முதல் சுற்றுலாக் குழு எப்படிப் போயிற்று என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். ஈஸ்டருக்குள் அடுத்த குழு கிடைக்காவிட்டால் அக்கா மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்து உங்கள் கிடங்கிலேயே பெட்டி அடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பது ஊருக்கே தெரியும். அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், பெருமை என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் ஆறு பேர். நம் ஊர்ச் சந்துக்கு அதற்குமேல் ஒருவர் வந்தாலும் கழுதை பின்வாங்க வேண்டியிருக்கும். அக்கா முதல் நாளே, நம் ஊரார் எல்லோரும் கட்டியிருக்கிற, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்ச் கயிற்றை அவர்கள் மணிக்கட்டிலும் கட்டிவிட்டு, செங்கால் நாரையைக் கண்ணால் கண்ட பிறகுதான் இதை அவிழ்த்து மரத்தில் கட்டவேண்டும், அதுவரை குளித்தாலும் கழற்றக்கூடாது என்றாள். அந்த ஆறு பேரைப் போல ஒழுங்கான மனிதர்களை நான் பார்த்ததே இல்லை மாமா. எதற்கும் அனுமதி கேட்டார்கள். வீம் என்று ஓர் ஒல்லாந்துக்காரர், விளக்குக் கம்பம் மாதிரி உயரம், நம் கழுதையைப் படமெடுப்பதற்குமுன் குனிந்து கழுதையிடமே கேட்டார். பிறகு ஊர்த்தலைவி கிச்காவிடம் போய், "உங்களைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டார்கள். கிச்கா அக்கம்பக்கம் பார்த்து, வெட்கப்பட்டு, நம் ஊர் வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். மறுக்கிறாள் என்று நினைத்து அவர்கள் மரியாதையோடு கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். பண்டிகைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் சாயங்காலம்வரை நின்ற கிச்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, என் மூஞ்சி உங்க கழுதை மூஞ்சியவிட மட்டமா போச்சா?"

அப்புறம் விலாஸ்தா என்று ஒரு செக் நாட்டு அம்மாள். பர்னோ நகரத்து நாடகக் கொட்டகையில் உடை தைத்து ஓய்வுபெற்றவர். எதையும் தொடமாட்டார், எதையும் பார்க்காமல் விடவும் மாட்டார். தினமும் காலையில் தயிர்க் கிண்ணத்தோடு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார். வானம் ஆட்டுக்கம்பளி மாதிரி சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கும். மலையில் பனி உருகும் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்கும். ஆறு பேரும் வரிசையாக நின்று அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

"அக்கா, பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வர்ற பெரிய பஸ்காரங்க என்ன பண்றாங்க தெரியுமா? கூட்டுல கல்ல விட்டெறிஞ்சு நாரையைப் பறக்க வெச்சுக் காட்டுறாங்க" என்றேன்.

"அதுக்குத்தான்டா நான் பஸ் வெச்சு ஆள் கூட்டல. வந்தா பார்ப்பாங்க, வராட்டி வானத்தைப் பார்த்துட்டுப் போவாங்க. இல்லாததைக் காட்டி நான் ஒருத்தரையும் வரவழைக்க மாட்டேன்."

"வெறும் வானத்தை அவங்க ஊர்லயே பார்த்துக்கலாமே. மாமா ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டுருவாரு."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பீன்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், அது வெந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும்தான் மாமா, எனக்குள் இருந்த கலைஞன் எழுந்து உட்கார்ந்தான்.

தலையணை உறைக்குள் கம்பளியை அடைத்தேன். அப்பாவின் தூண்டில் கழி கழுத்தானது. துடைப்பக் கட்டைகள் இரண்டுக்குச் சிவப்புச் சாயம் பூசினேன், அவை கால்கள். அலகுக்கு, உத்தரத்தில் காயப்போட்டிருந்த மிளகாய்ச் சரத்திலிருந்து நீளமானவையாகப் பொறுக்கிக் கட்டினேன். ஆக, பொய்க்கால் குதிரைக்கு ஒரு தங்கை பிறந்தாள்: பொய்க்கால் நாரை. விடிகிற நேரம், மூடுபனி ஊரையே கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடப் பரணில் ஏறிக் கூரை ஓட்டைவழியே போய், சென்ற ஆண்டு நாரைகள் விட்டுப்போன கூட்டில் அதை நட்டுவிட்டு இறங்கினேன். பூனைகூட அப்படி ஏறியிருக்காது.

பிறகு நடந்தது கனவு மாதிரி இருந்தது. பனி மெல்ல மெல்ல விலகியது. முதலில் ஆகாயத்தில் ஒரு புகைபோக்கி மட்டும் தனியாக மிதந்து வந்தது. அதன்மேல் கூடு. கூட்டின்மேல், வெள்ளையாக, ஒற்றையாக, அது. முற்றத்தில் நின்றிருந்த ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வீம் தொப்பியைக் கழற்றினார். விலாஸ்தா அம்மாள் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாக இறக்கி, "ஆ!" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கயிற்றை அவிழ்த்துப் பிளம் மரத்துக் கிளையில் கட்டினார்கள். மரம் பூக்கவே இல்லை, ஆனால் பூத்ததுபோல ஆயிற்று. இதை வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து பார்த்த கிச்கா ஊராட்சி ஒலிபெருக்கியைப் போட்டு, "நாரை வந்தாச்சு! எல்லாரும் கயிறக் கழட்டுங்க! பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் சத்தம் போடாதீங்க!" என்று மலை அதிரக் கத்தினாள். ஊரே வெளியே வந்து ஆளுக்கொரு மரம் பார்த்துக் கயிறு கட்டியது. இந்தத் தப்பை நம் ஊர் தவிர வேறு எந்த ஊரும் செய்திருக்காது.

நெவேனா அக்கா மட்டும் நாரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் விரல் நகங்களில் சிவப்புச் சாயம் இருந்தது.

பத்து மணிக்குக் காக்கைகள் வந்து அலகைத் தின்ன ஆரம்பித்தன. "பாருங்க, எவ்ளோ இரக்கமுள்ள பறவை, காக்காய்க்குக் கூட ஊட்டுது!" என்றாள் கிச்கா. மதியம் ஈரத்தில் கம்பளி ஊறிக் கழுத்து சாய்ந்து நாரை நார்நாராய்த் தொங்கியது. "ஆப்பிரிக்காவுலருந்து வந்திருக்கு, அசதி இருக்காதா?" என்று அதற்கும் ஒரு விளக்கம்.

அக்கா என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப்போனாள். "என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடா. ராத்திரிச் சாப்பாட்டுல எல்லாத்தையும் சொல்லிடப்போறேன்."

"சொன்னா ஆறு பேரும் நம்மளப் பத்தி என்ன எழுதுவாங்கக்கா? அடுத்த குழு எப்படி வரும்?"

"வராட்டிப் போகுது. கிடங்குல பெட்டி அடுக்குறேன்."

சாப்பாட்டு மேசையில் அக்கா எழுந்து நின்று, "காலையில பார்த்தீங்களே அந்தப் பறவை..." என்று ஆரம்பித்தாள். வீம் சூப் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார். மறுபடி ஆரம்பித்தாள். விலாஸ்தா அம்மாளுக்கு உடனே, மேசையில் இருந்த பாலாடைக்கட்டிப் பலகாரமான பனீட்சாவுக்கு மாவை எப்படி மடிப்பது என்று தெரிந்தாக வேண்டும். அடுத்த முறை வாயைத் திறந்தபோது ஆறு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் நாட்டுப் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முடிவைக் கேளுங்கள் மாமா. கிளம்பும்போது ஆறு பேரும் அடுத்த மார்ச்சுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டார்கள், ஆளுக்கொரு நண்பரையும் பேசி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இரண்டு குழு! ஒரு தலையணை உறை, ஒரு தூண்டில் கழி, கொஞ்சம் மூளை, இவ்வளவுதான் செலவு. ஆறு அயல்நாட்டவரையும் ஓர் ஊரையும் ஏமாற்றிய கை இது, ஆனால் யாருக்காக ஏமாற்றியது என்பதைப் பாருங்கள். ஆகவே ஜெர்மனிக்கு டிக்கெட் போடாதீர்கள் என்று காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முதுகு விரைவில் நிமிரவும், மேலாளர் முதுகு கொஞ்சம் வளையவும் வேண்டுகிறேன். கழுதை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
அடக்கமான மருமகன்,
ரதோய்

பி.கு.: அக்கா இதைப் படித்துவிட்டாள். பின்குறிப்பு எழுதாமல் அஞ்சலில் போடக்கூடாதாம். எழுதுகிறேன்.

அவர்கள் பெயர் கொடுத்தது என் நாரையைப் பார்த்து அல்ல. வண்டி கிளம்பும் நேரம் அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாரை பொய், இவன் செய்தது, என் பொறுப்பு, மன்னியுங்கள் என்று. ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "முதல் நிமிஷமே தெரியும்மா. கழுத்துல தலையணை உறைப் பொத்தான் இருந்துச்சே" என்றார் விலாஸ்தா அம்மாள். "நாடகத்துல எத்தனை பறவை தைச்சிருப்பேன்! பையன் எங்களுக்காகப் பாடுபட்டிருக்கான், நாங்க விருந்தாளிங்க, எப்படிச் சொல்றது? அதனால மரத்துல கட்டினது, ஊருக்குக் கொண்டுபோகக் கடையில வாங்கிக் கையில கட்டியிருந்த இன்னொரு கயிறு." சட்டைக் கையை மேலே ஏற்றினார். அக்கா கட்டிய கயிறு அப்படியே இருந்தது. ஆறு கையிலும் இருந்தது. அதற்கப்புறம்தான் பெயர் கொடுத்தார்கள், உண்மையைச் சொல்கிறவள் கூட்டிப்போகிற இடத்துக்கு மறுபடி வரலாம் என்று. என் கையில் ஒரு சின்ன ஊசி நூல் டப்பாவை வைத்து, "கழுத்தை இன்னும் இறுக்கித் தைக்கணும்டா" என்றார் அம்மாள். "நிஜமானது உங்க ஊரைத் தாண்டித்தான் எங்க பக்கம் வரும். பார்த்தா எழுது, நான் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்."

ஆக, அந்த ஆறு பேரை நான் ஏமாற்றவில்லை மாமா, நம் ஊரைத்தான், ஊருக்கும் முன்னால் ஒரே ஒருத்தனை. அன்றைக்குப் பனி விலகியபோது, நானே கம்பளி அடைத்த அந்தப் பறவை வானத்தில் தனியாக நின்ற நேரத்தில், அது இதோ சிறகை விரிக்கப்போகிறது என்றே நினைத்துவிட்டேன். ஊரில் முதலில் கயிற்றை அவிழ்த்தவன் நான்தான்.