வில்கராவில் காணாமல் போன நாற்பது நிமிடம்

இந்தப் பேரண்டத்தில் மனித குலம் தனியாக இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு விஞ்ஞானிகளிடம் இருப்பதாகப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வில்கரா விளையாட்டு கிளப்பின் பின்னறையில், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூடும் பதினேழு பேரிடம் இருக்கிறது. அந்தப் பதினேழு பேருக்கும் செயலாளர் நான். பெயர் நெவில் டக்கெட். முன்பு ஊர்த் தபாலாபீசைக் கவனித்துவந்தேன். இப்போது விண்வெளியைக் கவனித்துவருகிறேன்.

பாலைவன நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது. போலீஸ் நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி. தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவருக்கு இடுப்புவலி. ஆனால் பறக்கும் தட்டு ஆய்வுக் கழகத்துக்கு ஒரு தலைவி, இரண்டு துணைத்தலைவர்கள், ஒரு சட்டவிதிப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் மதுக்கடையில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்தி, அந்த வருமானத்தில் பேரண்டத்தை ஆராய்கிறோம்.

கழகத்தின் பெருமை எங்கள் படிவம். அறுபத்து நான்கு கேள்விகள். வெளிச்சத்தின் நிறம், திசை, வேகம், 'வெள்ளிக் கிரகமா, பலூனா, ராணுவ விமானமா' என்று டிக் அடிக்கக் கட்டங்கள். நாற்பத்தோராவது கேள்வி முக்கியமானது: 'நிகழ்வின்போது உங்களுடைய நேரம் எதுவும் காணாமல் போயிற்றா?' வேற்றுக்கிரகவாசிகள் ஒருவரைத் தூக்கிச் சென்றால், அந்த நேரத்தை அவருடைய நினைவிலிருந்து கத்தரித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள். துறை சார்ந்தவர்களுக்கு இது பாலபாடம். கடைசி, அறுபத்து நான்காவது கேள்வி: 'அவர்கள் பார்ப்பதற்கு எப்படி இருந்தார்கள்?' இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கட்டத்தை ஒருவரும் நிரப்பியதில்லை. அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு எங்கள் வழக்கு எண் 47 ஊருக்குள் வந்தது. மூன்று டிரெய்லர் கோர்த்த நெடுலாரியாக வந்தது. நேராக வந்து, வளைய வேண்டிய இடத்தில் வளையாமல், எங்கள் தலைவி கிளெனிஸ் ஹாப்லி நடத்தும் ரோட்ஹவுஸ் என்ற சாலையோர உணவக வாசலில் நின்ற பன்னிரண்டடிப் பச்சை வேற்றுக்கிரகவாசி சிலையைச் சாய்த்துவிட்டு நின்றது. சிலையின் தலை உருண்டு டீசல் பம்ப்படியில் கிடந்தது. லாரி ஓட்டிய வெஸ் பாஸ்கோவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும்.

கடைசி டிரெய்லர் கவிழ்ந்து, அதிலிருந்த சரக்கு காற்றில் பிரிந்து, உப்புப் புதர்களின் மேல் மூன்று கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேரென்று படர்ந்திருந்தது. கழகம் பதினைந்தே நிமிடத்தில் களத்தில் இறங்கியது. 'வெண்மையான, மென்மையான, இரண்டடுக்கு கொண்ட இழை. ஓரத்தில் சீரான துளைகள். மெல்லிய பூவேலைப்பாடு' என்று தடயக் குறிப்பில் பதிவு செய்தோம். அது டாய்லெட் பேப்பர் என்பது பிறகு உறுதியானது. ஆனாலும் குறிப்பை நாங்கள் அடிக்கவில்லை. எழுதியதை அடிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ரோட்ஹவுஸ் மேசையில், தேநீரும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியுமாக உட்கார்ந்திருந்த வெஸ்ஸின் எதிரே படிவத்தை விரித்தேன்.

“வெளிச்சம் ஏதாவது பாத்தியா, வெஸ்?”

“பாத்தேன்.”

நான் பேனா மூடியைக் கழற்றினேன். “எந்தத் திசையில?”

“கிழக்கால. நேர் எதிர்க்க.”

“நிறம்?”

“ஆரஞ்சு. அப்புறம் மஞ்சளாச்சு. கண்ணைக் கூசிச்சு.”

“அசைஞ்சுதா?”

“மெதுவா மேல ஏறிச்சு.”

“அது என்னவா இருக்கும்னு நீ நெனைக்கிற?”

“சூரியன், நெவில். தெனமும் வரும்.”

படிவத்தில் சூரியனுக்குக் கட்டம் இல்லை. 'இதர' என்பதில் டிக் அடித்துவிட்டு நாற்பத்தொன்றுக்குப் போனேன்.

“பெங்கா ரயில் கேட்டைத் தாண்டினது ஞாபகம் இருக்கு,” என்றான் வெஸ். “அடுத்தது உங்க பச்சை ஆளோட மூக்கு கண்ணாடில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு நாப்பது நிமிஷம், ஒண்ணும் ஞாபகமில்ல.”

“நாப்பது நிமிஷமா!” நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “கிளெனிஸ்! நாப்பது நிமிஷம் காணோமாம்!”

கிளெனிஸ் வாணலியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். “மொத்தமாவா?”

“யோவ், தூங்கிட்டேன்யா!” என்றான் வெஸ். “பத்தொன்பது மணி நேரமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். அங்கேருந்து இங்க வரைக்கும் ரோட்டுல ஒரு வளைவு கிடையாது. முதல் வளைவே இவ கடை வாசல்தான். அரைக்கண்ணுல வந்திருக்கேன், லாரி தானா வந்திருக்கு.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க,” என்றாள் கிளெனிஸ் பரிவுடன்.

வெஸ் ஈயை விரட்டிவிட்டு என் பக்கம் குனிந்தான். “நெவில், இங்க பாரு. போலீஸ்காரன் வர மதியம் ஆயிடும். முதல்ல எழுதற வாக்குமூலம் உன்னுது. விசாரணையில அதைத்தான் புரட்டுவாங்க. 'தூங்கிட்டான்'னு எழுது. 'பத்தொன்பது மணி நேரம் ஓட்ட வெச்சாங்க'னு எழுது. என் லைசென்ஸ் போனாப் போகட்டும். என் தம்பி டீன் வியாழக்கிழமையிலிருந்து இதே ரூட்டு, இதே டைம். ரெண்டு பொண்ணுங்க அவனுக்கு. இந்த ஒரு வார்த்தையை எழுதினா கம்பெனி டைமை மாத்தித்தான் ஆகணும்.”

கழகப் படிவத்தில் உறவினர்களுக்கு இடமில்லை என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

மதியம் போலீஸ் வருவதற்குள், லாரி உரிமையாளர்களான லின்டாட் அண்ட் சன்ஸின் 'பாதுகாப்பு மேலாளர்' கிரெய்க் லின்டாட் சின்ன விமானத்தில் வந்து இறங்கிவிட்டார். வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. அவருடைய சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை எங்கள் ஊர் பார்த்ததில்லை.

அவர் கையில் வெஸ்ஸின் ஓட்டுநர் குறிப்பேடு இருந்தது. எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று ஒவ்வொரு ஓட்டுநரும் எழுதி வைக்க வேண்டிய சட்டப்படியான புத்தகம்.

“பாருங்க, பெங்கால ஏழு மணி நேரம் தூங்கியிருக்கான். கையெழுத்து இருக்கு,” என்றார் கிரெய்க்.

“கையெழுத்து என்னுது. நேரம் எழுதினது உங்க ஆபீஸ்,” என்றான் வெஸ். “போடலேன்னா அடுத்த லோடு கிடையாதுன்னு நீதானே சொன்ன, கிரெய்க்?”

“அலுப்புல இருக்கான், பாவம்,” என்று என்னிடம் திரும்பினார் கிரெய்க். “உங்க கழகத்தோட பணி மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை, மிஸ்டர் டக்கெட்.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் என்னை யாரும் 'மிஸ்டர்' என்று அழைத்ததில்லை. எங்கள் நாட்டில் பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

“ஏழு மணி நேரம் தூங்கின மனுஷன் மறுபடி எப்படித் தூங்குவான்?” என்று கேட்டார் கிரெய்க். “அப்போ அந்த நாப்பது நிமிஷத்துல வேற ஏதோ நடந்திருக்கு. என்னன்னு சொல்ல நான் யாரு? நீங்கதான் நிபுணர். அப்புறம் அந்தச் சிலை... எங்களுக்கே வருத்தமா இருக்கு. பதினெட்டடில புதுசா வெச்சுக் குடுத்துடறோம். கண்ணுல லைட்டோட. கழகத்துக்கு ஒரு டெலஸ்கோப் இருக்கா?”

இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வழக்கமான மாதக் கூட்டம். வெஸ் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். 'வழக்கு எண் 47-இல் பூமி சாராத தலையீடு உண்டு' என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்து, “தூங்கிட்டேன்னு அவனே சொல்றானே?” என்று கேட்டார்.

“அவனைத் தூங்கினதா நெனைக்க வெச்சது யாரு?” என்றாள் கிளெனிஸ்.

கழக வரலாற்றில் அவ்வளவு ஆழமான கேள்வியை யாரும் எழுப்பியதில்லை. சாட்சி மறுக்க மறுக்க ஆதாரம் வலுக்கிறது என்று நான் கழகக் குறிப்பேட்டில் எழுதினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தேங்காய்த்தூள் தூவிய சாக்லேட் கேக் பரிமாறப்பட்டது.

நான் எழுதிய வாக்குமூலத்தில் வெஸ் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை இருக்கும் என்று கிரெய்க் சொல்லியிருந்தார். வெஸ் பேனாவைத் தொடவில்லை.

“அந்த ஒரு வார்த்தை, நெவில்,” என்றான் என்னைப் பார்த்து. “'தூங்கிட்டான்'. ஆறே எழுத்து.”

எனக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. பிறகு அவன் போய்விட்டான், சரியாகிவிட்டது. 'சாட்சி மனக்குழப்பத்தில் உள்ளார்' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு அறிக்கையை அனுப்பினேன். போலீஸ் சார்ஜன்ட் அதையே இணைத்து, 'காரணம் அறியப்படாத வெளிச்சம்' என்று கோப்பை மூடினார். வெஸ்ஸுக்கு மறுநாளே வேலை போயிற்று.

மூன்று வாரத்தில் புதுச் சிலை வந்தது. பதினெட்டடி, பச்சைக் கண்கள், இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் பீடம். லின்டாட் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. டெலஸ்கோப் என் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் சிலையின் தொடையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். வெஸ் மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்து, “டீன் இன்னும் அதே ரூட்லதான் ஓடறான்” என்பான். அந்த அழைப்புகளை 'இதர தொல்லைகள்' என்ற தலைப்பில் பதிவு செய்துவந்தேன்.

அடுத்த எட்டு மாதங்களில் வேற்றுக்கிரகவாசிகள் எங்கள் நெடுஞ்சாலையில் இன்னும் நான்கு லாரிகளைத் தாக்கினார்கள். உலகின் எந்த ஆய்வுக் கழகமும் கண்டறியாத ஓர் ஒழுங்கை நான் கண்டறிந்தேன். அவர்கள் கார்களைத் தொடுவதில்லை. கேரவான் இழுத்துக்கொண்டு வரும் ஓய்வூதியக்காரர்களைத் தொடுவதில்லை. பள்ளிப் பேருந்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான்கும் லின்டாட் லாரிகள். நான்கிலும் ஓட்டுநர் ஸ்டீயரிங் பிடித்துப் பதினாறு மணி நேரம் ஆகும்வரை காத்திருந்திருக்கிறார்கள். பல ஒளியாண்டுகள் கடந்து வந்து இப்படி நேரம் தவறாமல் வேலை செய்யும் உயிரினத்தை வியக்காமல் இருக்க முடியுமா? நான் வியந்தேன். கட்டுரை கூட எழுதினேன். நான்கு ஓட்டுநர்களும் வெளிச்சம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நால்வருக்கும் வேலை இருக்கிறது.

அக்டோபரில் டீன் வந்தான். காலை எட்டு மணி, கிழக்கு நோக்கி, பெங்காவிலிருந்து முதல் வளைவு. பழைய சிலை என்றால் சாய்ந்திருக்கும். புதுப் பீடம் அசையவில்லை. லாரியின் முன்பக்கம் உள்வாங்கி, டீனின் இரண்டு கால்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. இடுப்புவலிக்காரர்தான் தீயணைப்பு வண்டியை ஓட்டி வந்தார். இரும்பை அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சிலையின் கண்கள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழக்கு எண் 52. டீன் மயக்கத்தில் இருந்தான். போர்வை அவன் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. சுவரில் இரண்டு பெண் குழந்தைகள் வரைந்த படம் ஒட்டியிருந்தது: ஒரு லாரி, ஒரு சூரியன். பக்கத்து நாற்காலியில் வெஸ். நான் உட்காரும்போதே கிரெய்க் லின்டாட் பழக்கூடையோடு உள்ளே வந்து என் அருகில் நின்றார். சட்டையில் மடிப்பு அப்படியே இருந்தது.

“அவன் பேசற நிலையில இல்ல,” என்றான் வெஸ். குரலில் கோபம் கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நான் சொல்றேன், எழுதிக்கோ. நேரம் காணாமப் போச்சான்னு ஒரு கேள்வி இருக்குமே?”

“நாப்பத்தொண்ணு.”

“போச்சு. குறிப்பேட்டுல தூங்கினதா எழுதியிருக்கற நேரம் அத்தனையும் போச்சு. வீட்டுல பொண்ணுங்களோட இருக்க வேண்டிய நேரமும் சேர்த்து. நடக்காததை நடந்ததா ஞாபகம் வெச்சுக்கச் சொல்லி, கடைசில உடம்பைப் பாதியா ஆக்கி அனுப்பிட்டாங்க. அதெல்லாம் பண்றவங்களைத்தானே நீ இருபது வருஷமாத் தேடற? கடைசிக் கேள்வி என்ன?”

“அறுபத்து நாலு,” என்றேன். “அவர்கள் பார்ப்பதற்கு எப்படி இருந்தார்கள்?”

“ரெண்டு பேரு. ஒருத்தன் சட்டை இஸ்திரி போட்டிருக்கான். இன்னொருத்தன் கையில படிவம் வெச்சிருக்கான்.”

பழக்கதோஷம், கை எழுதி முடித்துவிட்டது. அதன் பிறகுதான் படித்தேன்.

எழுதியதை அடிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே கழகத்துக்குத் தெரிவித்துக்கொள்வது: இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக அறுபத்து நான்காவது கட்டம் நிரம்பியிருக்கிறது. பட்டப்பகல். ஆறடி தூரம். சாட்சி நன்றாக விழித்திருந்தார். அடையாளம் பொருந்துகிறது.