கொங்கிறீற்றுக்கு நாடி பார்த்த டொக்டர்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எத்தனையோ டொக்டர்மார் இருக்கலாம். வாய் பேசாத நோயாளிகளை மட்டும் பார்த்து, ஒன்றைக்கூடச் சாகவிடாதவர் எங்கள் கொங்கிறீற் டொக்டர் ஒருவர்தான். அவர் வைத்தியம் படித்தவரல்ல. மீன்பிடி இறங்குதுறை கட்டிய இடத்தில் ஆய்வுகூடம் அவர் பொறுப்பு, களஞ்சியம் என் பொறுப்பு. இரண்டு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தும் அவருடைய சொந்தப் பெயர் எனக்கு வாயில் வராது.

அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் போத்தல் மூடி அளவில் இரண்டு வில்லைகள். கொங்கிறீற்றின் இருபக்கமும் கிறீஸ் பூசி வில்லைகளை வைத்தால், ஒன்று அனுப்பும் ஒலியை மற்றது பிடிக்கும். ஒலி எத்தனை வேகமாக வந்தது என்று பெட்டி காட்டும். உடைக்கவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம்.

"பச்சைக் கொங்கிறீற்றுக்குள்ள சத்தம் சல்லி மணலில நடக்கிற மாதிரித்தான் நடக்கும். இறுக இறுக, தார் றோட்டில ஓடுற மாதிரி ஓடும்" என்று யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

கிறீசுக்காக அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. களஞ்சியத்தில் முடிந்தால் காவலாளியின் தலைக்குப் பூசும் கிறீம் காணாமல் போகும். புதிதாகக் கொங்கிறீற் போட்ட இடத்தில் யாராவது அதிர நடந்தால், "பிள்ளை நித்திரை, மெல்ல நடங்கோ" என்பார். கம்பி கட்டும் தடியன்கள்கூடச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். நிலாவெளி ஹோட்டலில் ஒரு கலியாணத்துக்கும் பெட்டியோடு வந்தார். மாப்பிள்ளைக்குக் கை கொடுக்குமுன் தூணுக்குக் கிறீஸ் பூசிப் பார்த்தார். பிறகு தன் மனைவியையும் என்னையும் கதிரையோடு அடுத்த தூணுக்கு மாற்றினார். கிறீஸ் பூசிய தூணில் சாய்ந்த மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பட்டுச்சட்டை போயிற்று.

மாரி மழைக்குள் இறங்குதுறையின் கடைசித் தளத்தைப் போட்டோம். திறப்பு விழாவுக்கு நாளும் வைத்தாயிற்று. அதே கலவையில் செய்து தண்ணீரில் ஊறவைத்த கியூப் கட்டிகளை அமுக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடவே தாங்கின. உடனே தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றும்படி இஞ்சினியர் சொன்னார். தளத்துக்குக் கீழே மிதவையில் நின்று ஆறு பேர் கழற்ற வேண்டும். டொக்டர் மட்டும், தளத்துக்குள் சத்தம் இன்னும் மணலில்தான் நடக்கிறது, தன் பெட்டி சம்மதிக்கவில்லை என்றார்.

"உங்கட பேச்சில நிப்பாட்டி, பிறகு அது பிழையெண்டா, நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்" என்றார் இஞ்சினியர்.

"போறன் சேர். ஆனா இண்டைக்குக் கழட்ட ஏலாது."

நேராக என்னிடம் வந்து, கட்டிகள் ஊறிய தொட்டி எங்கே என்று கேட்டார். மழை அடிக்காமல் இருக்கட்டும் என்று நான்தான் அதைக் குசினிச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது பேருக்குச் சோறு வேகும் அடுப்பு. டொக்டர் தண்ணீருக்குள் கையை விட்டார். பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற தண்ணீரின் சூடு. கட்டிகள் இங்கே குளிர்காய்ந்து சீக்கிரம் இறுகிவிட்டன. தளமோ கடலுக்கு மேல் மழையில் விறைத்துக்கொண்டு கிடந்தது. ஆறு பேருடைய தலைக்கு மேல் நான் கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இஞ்சினியர் வந்து தானும் கையை விட்டுப் பார்த்தார்.

"கட்டி சொன்னது குசினியின்ர கதை, சேர். தளத்தின்ர கதையில்லை" என்றார் டொக்டர்.

"தொட்டியை இதில ஆர் வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். டொக்டர் முந்திக்கொண்டார். "மழை வச்சது, சேர்."

வேலை நின்றது. இரண்டு நாள் டொக்டர் தளத்தின் அருகே படங்குக்குக் கீழ் குந்தியிருந்து மணிக்கு மணி நாடி பார்த்தார். மூன்றாம் நாள் காலை, "ஓடுது" என்று ஒரே சொல்தான் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அந்த ஆறு பேரோடு மிதவையில் ஏறித் தளத்துக்கு நேர் கீழே போய் நின்றார். முட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஒரு மணல்கூட உதிரவில்லை. இஞ்சினியர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த பெருமையைப் பார்த்தவர்கள் நான்தான் தளம் போட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

டொக்டர் இப்போது வேறு ஊரில், வேறு பாலத்துக்கு நாடி பார்க்கிறார். எங்கள் தளத்தில் ஐஸ் லொறிகள் ஓடுகின்றன. மீன் வாங்கப் போகும்போது கடைசித் தளம் வந்ததும் நான் செருப்பைக் கையில் எடுத்துவிடுவேன். லொறி ஓடுகிற இடத்தில் ஏன் இந்தப் பூனை நடை என்று மனைவி கேட்பாள். தொட்டியை வைத்தது யார் என்று அவளுக்குக்கூட நான் சொன்னதில்லை. மழை இல்லை, டொக்டர், நான்தான். இதோ, எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.