பாட்டிலுக்குப் பட்டை போட்ட கதை

சிறுநீர் கழிக்கும்போது எனக்கு எரிந்ததற்குக் காரணம் அண்ணாமலையார்தான் என்று முழுமனதாக நம்பினேன். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசி. ஒரு பௌர்ணமிக் கிரிவலத்தில், அவசரத்துக்கு ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கினேன், அதுவும் மலையைப் பார்த்து நின்று. மலையே சாமியாக இருக்கிற ஊர். அக்னித் தலம் வேறு. மூன்றாம் நாள் எரிய ஆரம்பித்தால் வேறென்ன நினைப்பது?

பரிகாரத்தையும் நானே விதித்துக்கொண்டேன்: விடிகாலையில் மலையைச் சுற்றுவது, பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. (நெருப்புக்குத் தண்ணீர் காட்டாமல் வைத்தியம் பார்த்த முதல் மேதை நான்தான்.) மூன்றே நாளில் குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தது. இருபது நாளில் கல்யாணம். சாபம் பிடித்தவனுக்குப் பெண் எதற்கு? கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி, கீழ்பென்னாத்தூரில் இருந்த பெண் வீட்டுக்குக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். சட்டையைத் துவைக்க எடுத்த அண்ணி படித்துவிட்டார்.

"ஏன் தம்பி, மூத்திரம் எரியுதுன்னு எவனாச்சும் கல்யாணத்த நிறுத்துவானா? ஒழுங்கா டாக்டர பாத்து டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் லெட்டர் என்கிட்ட இருக்கட்டும்."

டாக்டர் சீட்டு எழுதி லேபுக்கு அனுப்பினார். மருந்து பாட்டில் ஒன்றில் பிடித்துக்கொண்டு போனேன். லேபில் இருந்த அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னாங்க இது, பாட்டிலுக்குப் பட்டை போட்டிருக்கீங்க?"

"ரிசல்ட் நல்லா வரட்டும்னுங்க."

அவர் மூடியைத் திறந்ததும், மூடிமேல் நான் அப்பியிருந்த விபூதி மொத்தமும் உள்ளே விழுந்தது.

"இனிமே மைக்ராஸ்கோப்புல விபூதிதான் தெரியும். வேற பாட்டில் தர்றேன். மொதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றத புடிச்சிட்டு வாங்க."

போனேன். கால் மணி நேரம் நின்றேன். குடிக்காதவனுக்கு எங்கிருந்து வரும்? வெறும் பாட்டிலோடு திரும்பி விரதத்தைச் சொன்னேன். அந்த அம்மா ஒரு செம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்தார்.

"குடிங்க."

"சாமி கோச்சிக்கும்ங்க."

"ஏங்க, மலைய சுத்தி எத்தினி கொளம் வெட்டி வச்சிருக்காங்க? சுத்தறவன் நாக்கு வறண்டு சாவட்டும்னா?"

இரண்டு செம்பு குடித்தேன். இந்தமுறை வந்தது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்: "சீழ் செல்லு ஜாஸ்தியா இருக்குது. இன்ஃபெக்‌ஷன்தாங்க. சக்கரையெல்லாம் இல்ல. என்ன வேல பாக்கறீங்க?"

"தேரடித் தெருவுல ஜவுளிக்கடைங்க. உக்காந்தா சாப்பாட்டு வேளைக்குத்தான் எழுந்திரிக்க முடியும்."

"அதாங்க" என்றார்.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் அந்த வழியே போனால், மனசுக்குள் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு, அந்த லேப் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு. அண்ணி அந்தக் கடிதத்தைக் கல்யாணத்துக்கு மறுநாளே என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். எங்களுக்குள் சண்டை வந்தால் பீரோவிலிருந்து வெளியே வரும். பேரப்பிள்ளைகளுக்கு ராகம் போட்டு வாசிக்கப்படும்.

நடந்தது இவ்வளவுதான்: தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்ததில் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றியிருந்தது. மாத்திரையில் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.