ஒழுகும் கூரைக்கு ஒரு தோரணம்

விருந்தாளி வருகிறார் என்று காதில் விழுந்ததுமே வீட்டின் ஓட்டை உடைசலையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பன்னீர்ச் செம்போடு வாசலில் வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. வரவேற்புத் திலகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பீடோங்கிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் போனால் ஒரு தமிழ்ப்பள்ளி வரும். அதன் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பரஞ்சோதியைப் பார்த்துவிட்டால் போதும், மற்றவர்களைத் தேடிப் போக வேண்டாம்.

நல்ல மனிதர், சத்தியமாகச் சொல்கிறேன். பள்ளி நிற்கும் நிலம் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால், டவுன் பள்ளிகளுக்கு அண்டா அண்டாவாகப் போகும் அரசாங்க மானியம் இங்கே அரை அகப்பையோடு நின்றுவிடுகிறது. அந்த அநியாயத்தை எதிர்த்து ஆறு வருடமாக அவர் எழுதாத கடிதமில்லை, ஏறாத படியில்லை. கடைசியில் பதில் வந்தது. மூன்றாம் ஆண்டு வகுப்பின் கூரையைப் பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார். அவர் பார்த்து எழுதினால்தான் புதுக் கூரை.

மழை பெய்தால் அந்த வகுப்பில் ஐந்து வாளி. பிள்ளைகள் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொல்வார்கள்.

பரஞ்சோதி என்ன செய்தார்? ஆளைக் கூட்டிச் சுவருக்குச் சாயம் அடித்தார். கூரையில் கறை படிந்த இடத்தையெல்லாம் காகிதத் தோரணத்தால் மறைத்தார். கோயில் மண்டபத்திலிருந்து உறை போட்ட நாற்காலிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பொன்னாடை, பழக்கூடை, கோலாட்டம், கோழிப் பிரட்டல், எதிலும் குறை வைக்கவில்லை.

தலைமையாசிரியை சாந்தினி குறுக்கே வந்து நின்றார். "தலைவரே, வாளியாச்சும் அங்கயே இருக்கட்டும். அவரு பாக்க வர்றதே அதைத்தானே?"

"என்னா டீச்சர் நீங்க! வந்த மனுசன் கண்ணுல வாளி பட்டா நம்ம மானம் என்னாவறது லா? எடுத்து ஸ்டோர்ல போடுங்க."

அன்றைக்கென்று மழையும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. அதிகாரி வந்தார். கோலாட்டத்துக்குக் கை தட்டினார். தோரணத்தை அண்ணாந்து பார்த்து "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சினார். பரஞ்சோதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "கூரையில் ஏதோ பிரச்சினை என்றீர்களே?" என்று அதிகாரி மலாயில் கேட்டபோது, ஆறு வருடம் காத்திருந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? "அதெல்லாம் சின்ன விஷயம் துவான். சாப்பாடு ஆறிடும், வாங்க!"

அட கடவுளே!

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பள்ளி மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது, அவசரத் தேவை ஏதுமில்லை, பாராட்டுகள். கடிதம் வந்த அன்று நல்ல மழை. மூன்றாம் ஆண்டில் மகளைப் படிக்க விட்டிருக்கும் மருதம்மாள், ஈரப் புத்தகப்பையோடு தலைவரின் எதிரே வந்து நின்றாள்.

"கோழி நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. எம் புள்ளைக்குத்தான் நாலு மாசமா சளி விடல."

தலைவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றே உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினார். மறுபடி அதிகாரி வரப்போவதாகத் தகவல். இந்த முறை வாளியை யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, பழைய வாளிகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றனவாம், ஒரே நிறத்தில் ஐந்து புது வாளி வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள், சரி. போன மாதம் மூட்டுவலி தாங்காமல் கிளினிக்குக்குப் போனீர்களே, "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டதும் நீங்கள் முதலில் சொன்னது என்ன?

"நல்லா இருக்கேன் டாக்டர்."