பதினோரு மணி பாஸ்வேர்டு

"நட்சத்திரம் எங்க இருக்கு, பிளான் சார்?" என்று டீச்சரம்மா போனில் கேட்டபோது மணி பதினொன்று ஐந்து. அவர் கேட்டது வானத்து நட்சத்திரத்தை அல்ல. கீபோர்டில் எட்டுக்கு மேலே குந்தியிருக்குமே, அந்த நட்சத்திரத்தை.

"ஷிஃப்டை அழுத்திக்கிட்டே எட்டை அழுத்துங்க டீச்சர்."

"அழுத்தியாச்சு. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. சிவப்பு எழுத்துல."

பிளான் சார் வீடுகளுக்கு வரைபடம் போடுபவர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது இப்போது மின்கட்டண அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் யாருக்கும் ஒரு பிளானைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. அன்று மூன்றாம் தேதி. டீச்சரம்மாவின் பிளானைத் தன் வெப்சைட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்துக்கான லிங்க்கையும் பாஸ்வேர்டையும் காலை பத்தே முக்காலுக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். பதினோரு மணிக்கே போன் வந்துவிட்டது.

வெப்சைட் வருவதற்கு முன்னால் எல்லோரும் மாடியேறி அவர் அலுவலகத்துக்கு வருவார்கள். புருஷன் சமையலறையைச் சின்னதாக்கச் சொல்வார், பெண்டாட்டி பெரிதாக்கச் சொல்வார், பிளான் சார் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவார். ஒருவர் வீட்டு பிளான் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது, அவரவருக்குத் தனிப் பக்கம், தனி பாஸ்வேர்டு வேண்டும் என்று வெப்சைட்டுக்கு ஆசைப்பட்டதும் அவர்தான். தன் கையாலேயே தன் கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் படியேறவில்லை. வருகிறவர்களுக்குப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் பிரிண்டர் உட்கார்ந்துகொண்டது, இன்னொன்றில் சுருட்டிய காகிதங்கள்.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் அவர் வாயைத் திறப்பது பல் தேய்க்கத்தான்.

டீச்சரம்மாவுக்காக மறுநாள் பாஸ்வேர்டை மாற்றினார். நட்சத்திரம், கூட்டல் குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆறே எழுத்தில் 'ஜன்னல்' என்று ஆங்கில எழுத்தில் வைத்தார். ஜன்னலுக்குக் காரணம் உண்டு. பின்பக்கம் ஓர் அறை கட்டத்தான் அந்த அம்மாள் பிளான் கேட்டார். ஜன்னலைத் தோட்டத்துப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று இவர் சொல்ல, தெருவைப் பார்த்துத்தான் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். தூசி வருமே என்றதற்கு, "வரட்டுமே சார், தூசியாவது வரட்டும்" என்றார்.

சரியாகப் பதினோரு மணிக்கு போன் அடித்தது. எழுத்து போதாது என்று வருகிறதாம், நீல நிறத்தில்.

"நேத்து சிவப்புன்னீங்களே?"

"நேத்து சிவப்புதான். இன்னிக்கு நீலம்."

கம்ப்யூட்டர் விஷயத்தில் எதுவும் நடக்கும் என்பது பிளான் சாரின் அனுபவம். எட்டு எழுத்தில் வேறொன்று போடப் போனவர், பதற்றத்தில் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார். வெப்சைட்டில் பக்கம் வைத்திருந்த இருபத்து மூன்று பேருக்கும் பாஸ்வேர்டு மாறி, இருபத்து மூன்று பேருக்கும் மெயில் பறந்தது.

ஆடிப்போய்விட்டார். எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு மெயில் எழுதினார். பிறகு, எல்லோரும் கூப்பிட்டுத் திட்டப்போகிறார்கள் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலம் ஆயிற்று. ஒருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை போலிருக்கிறது; திட்டுவதற்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

அடுத்து, படிப்படியாக எப்படி உள்ளே போவது என்று எட்டுப் படங்கள் வரைந்து டீச்சரம்மாவுக்கு அனுப்பினார். பதினோரு மணிக்கு அந்த அம்மாள் கூப்பிட்டு, மூன்றாவது படத்தில் ஓர் ஒற்றுப்பிழையும் ஆறாவதில் இரண்டும் இருக்கின்றன என்றார். பக்கம் திறந்ததா என்றால், அது மட்டும் திறக்கவில்லை.

மெயிலில் நேராக அனுப்பட்டுமா என்று கேட்டார். மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. காகிதத்தில் பிரிண்ட் எடுத்து நானே கொண்டுவருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாம் சார். முப்பது வருஷம் மக்குப் பிள்ளைங்களை விடாம உட்கார வெச்சுப் படிக்க வெச்சவ நான். இதை நானே திறக்காம விட மாட்டேன்."

இப்படியே மூன்று வாரம் ஓடியது. பாஸ்வேர்டு பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்தில் மாடிப்படியில் குட்டி போட்ட பூனை வரும், பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கிற பச்சை பெயின்ட் வரும், தனி ஆளுக்கு எவ்வளவு அரிசி போட்டாலும் மிஞ்சிவிடுகிறதே என்கிற பிரச்சினை வரும். அரை டம்ளர் போடுங்க என்றார் டீச்சரம்மா. பிளான் சார் அரை டம்ளர் போட்டார், சரியாக இருந்தது.

போன் பேசுவதற்கு யாராவது சவரம் செய்துகொள்வார்களா? அவர் செய்துகொண்டார். பத்தரைக்கே ஃபிளாஸ்க்கில் டீ தயாராக இருக்கும். ஒருநாள் பிரிண்டரை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இருபத்தாறாம் தேதி காலண்டரைக் கிழித்தபோதுதான் உறைத்தது. மாதக் கடைசிக்குள் டீச்சரம்மா அந்த பிளானை நகராட்சியில் ஒப்புதலுக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும். அறை கட்ட ஆறு மாதம் தள்ளிப்போகும். அந்த அம்மாள் தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல் கேட்டார். அதை வெறும் பாஸ்வேர்டில் மாட்டி வைத்துவிட்டு, தான் மட்டும் தினமும் பேச்சுச் சுகம் கண்டுகொண்டிருந்தது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பூட்டு திறக்காமலே இருக்கட்டும் என்று இரண்டு மூன்று நாளாக உள்ளுக்குள் நினைத்ததும் உண்மைதான். அதையும் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வெப்சைட் செய்து கொடுத்த பெண்ணுக்கு போன் போட்டார். அவள் பிள்ளை பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோம்மா. ஒரே ஒரு உதவி. டீச்சரம்மா பக்கத்துல இருக்கற பூட்டை எடுத்துடு. பாஸ்வேர்டே கேக்கக் கூடாது. அவங்க தொட்ட உடனே பிளான் கைக்கு வந்துடணும்."

"நீங்க உள்ள போனா உங்ககிட்டயும் கேக்குதா சார்?"

"நான் ஓனராச்சே. என் கம்ப்யூட்டர் என்னை எதுவும் கேக்காது."

"இருங்க, பாக்கறேன்" என்றாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுகிற சத்தம் கேட்டது.

பிளான் சார் கண்ணை மூடிக்கொண்டார். இன்றோடு முடிந்தது. நாளை பதினோரு மணி, பத்து மணி மாதிரியும் பன்னிரண்டு மணி மாதிரியும் ஆகிவிடும். பரவாயில்லை, இருபத்தெட்டு வருஷப் பேர் கெடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துப் பார்த்தார். போதும் என்று தோன்றவில்லை.

காதில் வைத்திருந்த போன் 'டிக் டிக்' என்றது. எடுத்துப் பார்த்தார். மணி பதினொன்று. திரையில் இன்னொரு அழைப்பு காத்துக்கொண்டிருந்தது: டீச்சரம்மா.

"சீக்கிரம் எடுத்துடும்மா," என்றார். "பாவம், அவங்க லைன்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

தட்டுகிற சத்தம் நின்றது.

"எதை சார் எடுக்கறது? பிரசவத்துக்குப் போன அவசரத்துல உங்க சைட்டுக்கு நான் பூட்டே போடலை, இதுவரைக்கும் அது யார்கிட்டயும் பாஸ்வேர்டு கேட்டதே இல்ல. இங்க பதிவாகியிருக்கு, டீச்சரம்மா மூணாம் தேதி காலைல பத்து ஐம்பதுக்கே பிளானை எடுத்துட்டாங்களே."