சுவிட்சர்லாந்துக்குப் பின்னால் நான்

“இனிமே இந்த வூட்ல மேளம், மாலை, மண்டபம் எதுவும் கெடையாது. கடல்தான்!”

என் கணவர் இளஞ்செழியன் இந்த மாபெரும் முடிவை அறிவித்தபோது அவர் வாயெல்லாம் பேஸ்ட் நுரை. கடல் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. என் இடுப்பில் பாப்பா.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்யாண போட்டோ என்றால் என் கணவர்தான். இப்போது ஏதோ உல்லாசக் கப்பலுக்கு போட்டோகிராபர் வேண்டுமாம். சென்னை ஏஜென்சி ஒன்று செல்போனிலேயே முகம் பார்த்து இண்டர்வியூ நடத்துமாம். தேறிவிட்டால் ஒன்பது மாதம் கடலில். பயணிகளையும், வழியில் தெரிகிற மலை, தீவு, சூரிய அஸ்தமனம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமாம். திரும்பி வந்தால் சொந்தமாகக் கார்.

எனக்கு அந்த ஒன்பது மாதம் மட்டும்தான் காதில் விழுந்தது.

நான் பயந்தவள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பாப்பாவுக்கு விக்கல் வந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். பல்லி விரட்டுவதற்கென்றே எங்கள் வீட்டில் பழைய கேமரா ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்து விரட்டுகிறவர் கப்பலேறிவிட்டால், நானும் பாப்பாவும் பல்லியும் ஒரே வீட்டில்!

“போகாதீங்க” என்று சொல்லியிருக்கலாம். “உனக்கு பயம், அதான்” என்பார். அது உண்மை. உண்மைக்கு எப்படிப் பதில் பேசுவது?

இதைவிடக் கொடுமை அடுத்து வந்தது.

“இண்டர்வியூ முச்சூடும் இங்கிலீஷ்ல தர்ஷினி. நீ கான்வென்ட்ல படிச்சவதான? பாப்பாகிட்டயே இங்கிலீஷ்லதான் பேசிக்கினு கெடக்க. எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

அதுவும் உண்மைதான். தமிழில் பேசினால் முட்டி போடச் சொல்வார்கள் எங்கள் சிஸ்டர்கள். அந்தப் பழக்கத்தில், பாப்பாவைக் கொஞ்சுவதும் திட்டுவதும் தானாக இங்கிலீஷில் வந்துவிடும்.

ஆக, புருஷனைக் கப்பலேற்றி விடுகிற வேலையும் என் தலையில்தான்.

“முதல் கேள்வி. இயற்கைக் காட்சிகளை போட்டோ எடுக்க உங்களுக்குப் பிடிக்குமா? சொல்லுங்க,” என்றேன்.

“யெஸ். ஐ லைக். சீனரி நைஸ். தேங்க்யூ.”

“முடிஞ்சுதா?”

“அதான் தேங்க்யூ சொல்லிட்டனே.”

“இவ்ளோ கம்மியா சொன்னா எடுக்க மாட்டாங்க. ஏன் பிடிக்கும்னு காரணம் சொல்லணும். எங்க எடுத்தீங்கன்னு ஒரு உதாரணம். எடுக்கும்போது மனசுல என்ன தோணுச்சுன்னு கடைசியா ஒரு வரி.”

“மனசுல இன்னா தோணும்? பேட்டரி நிக்குமான்னு தோணும்.”

“சரி, உதாரணமாவது சொல்லுங்க. கல்வராயன் மலை பக்கத்துலயே இருக்கு. ஒரு தடவையாவது மலையை மட்டும் எடுத்திருக்கீங்களா?”

“மலை ஆர்டர் குடுத்துச்சா இன்னா?”

மாதம் இரண்டு தடவை மலைக்குப் போகிறவர்தான். புது ஜோடிகளை வெள்ளிமலை வளைவில் நிறுத்தி எடுப்பார். ஸ்டுடியோவுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் மலையை அழித்துவிட்டு சுவிட்சர்லாந்தை வைப்பார். அங்கே இருக்கிற மேகம் அருவிக்கு முன்னால் நின்ற ஜோடி, ஆல்பத்தில் நயாகராவுக்கு முன்னால் நிற்கும். அருவியில் நனைந்த ஈரம் மட்டும் நம்ம ஊர் ஈரம்.

“அப்புறம் சீனரி ஏன் பிடிக்கும்னு சொல்றீங்க? உண்மையான காரணத்தைச் சொல்லுங்க.”

கொஞ்சம் யோசித்தார். “சீனரி கண்ணை மூடாது. மூஞ்சைத் திருப்பிக்காது. எங்க சித்தப்பாவை ஏன் எடுக்கலன்னு சண்டைக்கு வராது.”

அட! இது நல்ல பதிலாயிற்றே. ஆசையாக இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என் மடத்தனம் எனக்கே உறைத்தது. இப்படித் திருத்திக்கொண்டே போனால் இவரை எடுத்துக்கொள்வார்களே! தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்றும் பார்த்தேன். தப்பான இங்கிலீஷ் என் வாயில் வர மறுத்தது. சிஸ்டர்கள் வளர்ப்பு அப்படி.

நல்ல வேளை, காலையில் ஏற்றியது சாயங்காலம் அவர் மண்டையில் இருக்கவில்லை. “மெமரி கார்டு ஃபுல்லு தர்ஷினி,” என்றார். எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதியும் இண்டர்வியூவுக்கு முதல் நாள் போய்விட்டது.

“ஐடியா! ஸ்டுடியோவுல கெடக்கற சுவிட்சர்லாந்து படத் துணியைக் கூடத்துல கட்டிடறேன். அதுக்கு முன்னால நானு. பின்னால நீ. நீ சொல்லு, நான் அப்டியே சொல்லிடறேன்.”

“ஏங்க, அது மோசடி இல்லையா?”

“கல்யாணத்துல அய்யரு சொல்றாரு, மாப்ள திருப்பிச் சொல்றான். எந்த மாப்ளைக்கு அர்த்தம் தெரியும்? கல்யாணம் செல்லாமலா பூடுது? நீ வாயை மட்டும் தொற. மத்தத நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை அப்படியே நடந்தது. பனி மூடிய மலையும் ஏரியும் அச்சடித்த துணி, கிளிப் போட்டுத் தொங்கியது. முன்னால் கோட்டு போட்ட என் கணவர். பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். மாமியார் களமருதூர் நடவுக்குப் போய்விட்டதால் என் மடியில் பாப்பா.

போனில் ஒரு பெண் குரல். அவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டால் லண்டனில் பிறந்தவர் என்றே நினைக்கத் தோன்றும்.

முதல் கேள்வியே இயற்கைக் காட்சிதான். நான் கிசுகிசுத்தேன். என் கணவர் அய்யர் முன்னால் மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். காரணம், உதாரணம், மனசில் தோன்றியது, எல்லாம் வரிசையாக.

“எக்ஸலண்ட்!” என்றது குரல்.

நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உங்களுக்குப் பின்னால் தெரிகிற காட்சி அழகாக இருக்கிறதே, அது எந்த இடம்?” என்று அந்தப் பெண் இங்கிலீஷில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே முந்திக்கொண்டார். “கல்வராயன் ஹில்ஸ் மேடம். நியர் மை ஹவுஸ்.”

“பனி இருக்கிறதே?”

“லிட்டில் லிட்டில் கமிங் மேடம்.”

இந்த நேரம் பார்த்து பாப்பா துணியில் இருந்த கிளிப் ஒன்றைக் கழற்றி வாயில் வைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. “நோ நோ பேபி, டோன்ட் ஈட் தட்!” என்று பதறினேன்.

“நோ நோ பேபி, டோன்ட் ஈட் தட்!” என்றார் என் கணவர், கம்பீரமாக.

அந்தப் பக்கம், பிஸ்கட் ஒன்று தட்டில் வைக்கப்படுகிற சத்தம்.

“எக்ஸ்க்யூஸ் மீ?”

“அய்யோ, அது உங்களுக்கு இல்லங்க,” என்றேன் மெதுவாக.

“அய்யோ அது…” என்று ஆரம்பித்துவிட்டு நல்ல வேளை நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி வந்தது. “ஒன்பது மாதம் குடும்பத்தை விட்டு இருக்க முடியுமா?”

இதற்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில்: ‘என் மனைவி மிகவும் தைரியசாலி. எல்லாவற்றையும் தனியாகவே பார்த்துக்கொள்வாள்.’ வாயைத் திறந்தேன். பாப்பா விரல்களை உள்ளே விட்டாள். எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லை.

அவர் இருமினார். நான் பேசவில்லை. மறுபடி இருமினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி இடித்தார். சுவிட்சர்லாந்தே ஆடியது. நான் பேசவில்லை.

கடைசியில் சொந்தமாகவே தொடங்கினார்.

“மேடம்… மை வைஃப், ஃபியர். குக்கர், ஃபியர். லிசர்ட், ஃபியர். பேபிக்கு விக்கல் கமிங், வைஃப் க்ரையிங். நைட்டு கரண்ட் கோயிங், ஹூ கேட்ச் ஹேண்ட்? ஐ ஒன்லி மேடம்.” கடைசியாக ஒன்று சேர்த்தார். “நைன் மன்த்… டூ ஜாஸ்தி மேடம்.”

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்து மூக்கை உறிஞ்சியது. நான் அழுவதைப் பார்த்த பாப்பா வீறிட்டு, துணியைப் பிடித்து இழுத்தாள். மிச்ச கிளிப்புகளும் பட் பட்டென்று விட, மலை, பனி, ஏரி எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன.

போனில் இருந்த பெண் என்னையும் பாப்பாவையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அழாதீங்கம்மா. மொதல்ல அந்தத் துணியை அவரு தலையிலேர்ந்து எடுங்க, மூச்சு முட்டப் போவுது.”

“மேடம், உங்களுக்குத் தமிழ்…”

“எம்பேரு ஜெயசுதா. நைனார்பாளையந்தாங்க எனக்கு. கல்வராயன் மலையில பனின்னு என்கிட்டயே சொல்றாரு! அந்தத் துணி மலையை எங்கியோ பாத்திருக்கமேன்னு அப்பத்துலேர்ந்து யோசிச்சிக்கினு இருந்தேன். எந்தங்கச்சி கல்யாண ஆல்பத்துல இதே மலைதான். எடுத்தது நீங்கதானா?”

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஆல்பம் நல்லா வந்துச்சாங்க?”

“மலை நல்லா வந்துச்சி. எந்தங்கச்சிதான் கண்ணை மூடிக்கினு இருக்கா.”

என் கணவர் துணியை விட்டு வெளியே வரவேயில்லை.

“சாருக்குக் கப்பல் வேணாம். அவரு அங்கயே இருக்கட்டும்,” என்றார் ஜெயசுதா. “ஆனா அந்த பதிலெல்லாம் தயார் பண்ணது நீங்கதானம்மா? எங்ககிட்ட வர்ற பசங்க அத்தனை பேரும் ‘சீனரி நைஸ் தேங்க்யூ’தான் சொல்றாங்க. வூட்லேர்ந்தே ஆன்லைன்ல கிளாஸ் எடுக்கறீங்களா? சம்பளம் குடுத்துடுவோம்.”

போனை வைத்ததும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“கடைசி கேள்விக்கு ஏன் வாயைத் தொறக்கல?”

“பாப்பா கையை வாய்க்குள்ள விட்டுட்டாங்க.”

“கைய எடுத்துட்டு சொல்றது?”

“நீங்கதான் நல்லா பேசிக்கினு இருந்தீங்களே. எதுக்குக் குறுக்க வரணும்?”

அவர் கேமரா ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பல்லியை விரட்டப் போனார். எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக ஒரு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. அவர்தான் லைட்டெல்லாம் வைத்துக் கொடுத்தார். “சீனரின்னு நெனச்சிக்க. பயம் பூடும்,” என்றார்.

“பாப்பாவை வெச்சிக்கினு துணிக்குப் பின்னால உக்காருங்க,” என்றேன். “வாயை மட்டும் தொறக்காதீங்க.”

திரை நிறைய இளைஞர்கள். நடுக்கத்தோடு தொடங்கினேன். “பயப்படாதீங்க. இங்கிலீஷ்ல காதுல என்ன விழுதோ, அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. போதும்.”

அப்போது சுவிட்சர்லாந்துக்குப் பின்னாலிருந்து கம்பீரமாக ஒரு குரல்: “நோ நோ பேபி, டோன்ட் ஈட் தட்!”

அத்தனை பேரும் அதை ஒரே குரலில், ஒரு பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார்கள்.