ஹால்வர் தீர்ப்பு

கொதிக்கிற கேரமல் பாகைக் கரண்டியோடு வாயில் வைத்த வெர்னா, அடுத்த நொடி பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். படிக்கட்டுக் கைப்பிடிமேல் கிடந்த பனியை ஒரு கை அள்ளி நாக்கில் அப்பிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டபடி புருஷன் ஹால்வர் வெறும் காலுறையோடு சமையலறைக்குள் வந்தான்.

"நாக்கு வெந்துபோச்சு."

"டாக்டரைப் பாக்கலாமா?"

"டாக்டரா? பெர்னடெட் வழியில வந்துட்டு இருக்காங்க, இப்ப போய் டாக்டராம்!"

மினசோட்டாவின் வடக்கு மூலையில் இருக்கிற அந்த ஏரிக்கரை ஊருக்குக் குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வெர்னாவுக்குப் பேச்சுத்துணை என்றால் கம்ப்யூட்டரில் இருந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம்தான். நாடு முழுக்க முப்பது சொச்சம் பெண்கள். ஒரு தடிமனான பிரெஞ்சு சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் எல்லோரும் ஒரே பண்டத்தைச் செய்து, படம் எடுத்துப் போட்டு, இரண்டு வரி எழுத வேண்டும். எதையும் தாண்டிப் போகக் கூடாது. புத்தகத்தில் இருப்பதை மாற்றவும் கூடாது.

மாவு ஓட்டில் பாகு ஊற்றிச் சுடுகிற இன்றைய உப்புக் கேரமல் டார்ட்டோடு புத்தகம் முடிகிறது. கூட்டத்தை நடத்தி வந்த மில்வாக்கி பெர்னடெட், அடுத்த புத்தகத்தை வேறு யாராவது நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான், மகள் வீட்டுக்குப் போகிற வழியில் இங்கே இறங்குகிறார். வெர்னா செய்ததை வெளியார் ஒருவர் தின்று பார்க்கப்போவது இதுதான் முதல்தடவை.

வெர்னா அந்தப் பொறுப்புக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது ஹால்வருக்குத் தெரியும். அதனால்தான் அவன் முகம் இன்று கொஞ்சம் வெளிறியிருந்தது.

"சரி, நீ ருசி பாரு" என்று கரண்டியை நீட்டினாள் வெர்னா. "இன்னிக்கு இந்த வீட்டுல இருக்கறது உன் நாக்கு ஒண்ணுதான்."

"நானா?"

"வேற யாரு? கூட்டத்துல என் பேரை யாருக்குத் தெரியும்? எல்லாரும் உன் தீர்ப்பைப் படிக்கத்தானே வர்றாங்க."

அது உண்மைதான். வெர்னா தன் இரண்டு வரிக்குக் கீழே, 'ஹால்வர் தீர்ப்பு' என்று போட்டு, அவன் கொடுக்கிற மார்க்கையும் எழுதுவாள். ஹால்வர் சும்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லி நழுவுகிறவன் இல்லை. புத்தகத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் தின்று, ஒரு வரி படித்து, ஒப்பிட்டுத்தான் சொல்வான். அவன் பத்துக்கு ஐந்து மார்க் போட்டான் என்பதற்காக டெக்சஸில் ஒருத்தி ஒரு பானை மீன் சூப்பை அப்படியே கொட்டியிருக்கிறாள்.

"உப்பு போட்டேனா இல்லையான்னு தெரியல. போடப்போற நேரத்துல பெர்னடெட் போன் பண்ணிட்டாங்க, சீக்கிரமே வந்துடுவேன்னு. பாத்துச் சொல்லு."

ஹால்வர் கரண்டியை நக்கினான். கண்ணை மூடினான். ஒரு கண்ணை மட்டும் திறந்து வெர்னாவைப் பார்த்தான். வெர்னாவின் புருவம் மேலே ஏறியிருந்தது.

"போடலன்னு நெனைக்கிறேன்" என்றான்.

வெர்னா உப்பைப் போட்டுக் கிளறினாள். "இப்ப?"

"இப்ப சரியா இருக்கு."

"நெஜமாவா? பிரெஞ்சுக்காரங்க ஊர் வெண்ணெயிலயே உப்பு இருக்குமாம். நம்மூர் வெண்ணெயில கெடையாது. அதுக்கும் சேத்துப் போடணுமோ?"

"அது... ஆமா. அதுக்கும் கொஞ்சம் போடலாம்."

போட்டாள்.

"இப்ப எப்பிடி?"

"இப்ப... பிரமாதம்."

"ஏன் அப்பிடி இழுக்கற? அதிகமாயிடுச்சா?"

"கொஞ்சம் அதிகம்தான்."

வெர்னா பதறிப்போய்ச் சர்க்கரையைக் கொட்டினாள். சர்க்கரை கூடியதால் கிரீமை ஊற்றினாள். கிரீம் கூடியதால் கேரமல் தண்ணீராய் ஓடியது. அதைச் சுண்டவைத்தாள். சுண்டினால் உப்பு ஏறியிருக்குமே என்று மறுபடி கரண்டியை நீட்டினாள்.

ஹால்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "வெர்னா, எங்க அண்ணனைக் கூப்பிடலாமே? வெளியில பனி தள்ளிட்டு இருக்கான். அவனும் ஒரு வாய் பாக்கட்டும்."

"ஐனாரா? உருளைக்கிழங்கு மேல டின் சூப்பை ஊத்தி வேக வெச்சா அதுதான் விருந்துங்கற மனுஷன்! அவருக்குப் பிரெஞ்சு ருசியைப் பத்தி என்ன தெரியும்? வெளையாடாத. உப்பு போதுமா, போதாதா?"

"போ... போதாது."

இன்னொரு சிட்டிகை விழுந்தது. சிட்டிகை என்றால் அவசரத்தில் விழுகிற சிட்டிகை.

கேரமலை மாவு ஓட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினாள். அளவு கூடிப்போனதால் அது விளிம்பைத் தாண்டி வழிந்து ஓவன் அடியில் கருகியது. வீடெங்கும் புகை. கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது.

"அதை நிறுத்து!"

ஹால்வர் நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறினான். மணி நிற்கவில்லை. முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். மணி நின்றது. வீட்டுக்குள் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் புகுந்துகொண்டது.

"சீக்கிரம் ஆறணும்" என்று வெர்னா டார்ட்டை வாசல் பனியிலேயே கொண்டுபோய் வைத்தாள். ஓவனைத் துடைத்துவிட்டு எடுக்கப் போனபோது அது கல்லாகியிருந்தது. கத்தி இறங்கவில்லை. நடுவே ஒரு விரிசல் வேறு, உறைந்த ஏரியில் வெயில் காலம் தொடங்கும்போது விழுமே, அந்த மாதிரி.

"ஐயோ, கெட்டுது!"

"இரு, இரு. அடுப்புப் பக்கத்துல வெச்சா எளகிடும்" என்றான் ஹால்வர்.

இளகியது. ஒரு பக்கமாகச் சரிந்தும் போனது. புத்தகத்துப் படத்தில் மேலே தூவியிருந்த உப்புத் துகள், வெர்னாவின் டார்ட்டில் கரைந்து காணாமல் போயிருந்தது. இன்னொரு தரம் தூவினாள். அவசரத்தில் மொத்தமும் ஒரே இடத்தில் விழுந்தது. அதை மறைக்க மற்ற இடங்களிலும் அதே அளவுக்குத் தூவினாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

பெர்னடெட் கனமான கோட்டுக்குள்ளிருந்து உருண்டு வெளியே வந்த சின்ன உருவம். வந்ததும் வெர்னாவை விட்டுவிட்டு ஹால்வரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானா அது! என் வீட்டுக்காரர் கிட்ட எதைக் குடுத்தாலும் 'ம்'னு ஒரு சத்தம்தான் வரும். உங்களை மாதிரி ஒரு நாக்கு கிடைக்க வெர்னா குடுத்து வெச்சிருக்கணும்."

ஹால்வர் தன் காலுறையைப் பார்த்தான்.

காப்பி வந்தது. டார்ட் வெட்டப்பட்டது. பெர்னடெட் ஒரு துண்டை வாயில் வைத்தார். மெல்லுவது பாதியில் நின்றது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. காப்பியை எடுத்து நீளமாகக் குடித்தார்.

"இது..." என்றார். "இது வேற மாதிரி இருக்கு."

வெர்னா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கத்து மனிதர்கள் சாப்பாட்டை யார் வீட்டிலும் மோசம் என்று சொல்ல மாட்டார்கள். வேற மாதிரி இருக்கு என்பார்கள். அதைக் கேட்ட வீட்டுக்காரி, விருந்தாளி போனதும் பாத்திரத்தோடு குப்பையில் போட்டுவிடுவாள்.

"ஹால்வர்" என்றாள் வெந்த நாக்கால். "நீ சொல்லு."

ஹால்வர் புத்தகத்தை எதிரே நகர்த்தி வைத்துக்கொண்டு ஒரு பெரிய துண்டைத் தின்றான். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. இன்னொரு துண்டும் தின்றான்.

"முதல்ல வெண்ணெய்" என்றான் நிதானமாக. "அப்புறம் லேசாக் கருகின சக்கரை. கடைசியில உப்பு, கடல் காத்து மாதிரி வந்துட்டுப் போகுது. ஒன்பதே முக்கால்."

பெர்னடெட் அவனையே பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்தார். மறுபடி ஒரு துணுக்கு எடுத்து வாயில் வைத்தார்.

"கடல் காத்து..." என்றார். "ஆமா. இப்ப தெரியுது. கொஞ்சம் பலமாவே வீசுது."

"பிரெஞ்சுக்காரங்க ஊர்ல அப்பிடித்தான் சாப்பிடுவாங்களாம்" என்றான் ஹால்வர், ஒரு வரி கீழே படித்துவிட்டு.

"இத்தனை வருஷமா நான் உப்பைக் கொறச்சே போட்டுட்டேன் போல இருக்கு. என் நாக்கு பழகாத நாக்கு, வெர்னா. தப்பா எடுத்துக்காதீங்க." தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தட்டைக் காலி செய்தார். கன்னம் சிவந்துபோயிருந்தது. "நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த புத்தகம் உங்க கையில. இனிமே ஹால்வர் தீர்ப்பு முதல்ல வரட்டும். அதைப் படிச்சுட்டுத்தான் நாங்க அடுப்பையே பத்த வைப்போம்."

வெர்னா மேஜைக்கு அடியில் ஹால்வரின் கையை இறுகப் பிடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. உப்பே தின்னாமல்.

கதவைத் தட்டிவிட்டு ஐனார் உள்ளே வந்தார். பனி தள்ளி முடித்த களைப்பு, தாடியெல்லாம் வெள்ளை. "காப்பி இருக்கா? இது என்ன பண்டம், ஒரு பக்கமா சாஞ்சுட்டு?" என்று கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றி, ஒரு துண்டைப் பிய்த்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

போட்ட வேகத்தில் கதவைத் திறந்து வெளியே துப்பினார். பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"மாடு நக்கறதுக்குக் கட்டி வெச்சிருப்போமே உப்புக்கல்லு, அது தேவலாம்!"

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சீறினாள் வெர்னா. "ஹால்வர் ருசி பாத்துத்தான் செஞ்சேன். ஒன்பதே முக்கால் குடுத்திருக்காரு!"

"நாடே இவர் தீர்ப்பைத்தான் கேட்டு நடக்குது" என்றார் பெர்னடெட்.

ஐனார் தம்பியைப் பார்த்தார். ஹால்வர் புத்தகத்தை மெல்ல மூடினான்.

"இவனா ருசி பாத்தான்? பதினாறு வயசுல ஏரி ஐஸ்ல விழுந்து மண்டையில அடிபட்டதுலேருந்து இவனுக்குச் சோப்பும் ஒண்ணு, சீஸும் ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லிட்டேன்னு இல்ல எங்கிட்ட சொல்லி வெச்சிருக்கான்!"